ஸ்காட்லாந்தில் ஸ்காட்டிஷ் சாப்பாடு: எதை எங்கே தேடிச் சாப்பிடுவது

ஸ்காட்லாந்துக்கு வருகிறவர்கள் பலரும் ஒரே இரவில், ஒரே உணவகத்தில் எல்லா ஸ்காட்டிஷ் உணவையும் ருசி பார்த்துவிட நினைக்கிறார்கள். அங்கேதான் ஏமாற்றம் தொடங்குகிறது. இந்த நாட்டுச் சாப்பாட்டில் ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் உண்டு. மட்டன் பை பேக்கரியில் நன்றாக இருக்கும். மீனும் இறாலும் துறைமுகத்தில். ஹேகிஸுக்கு பப். மான் இறைச்சிக்கும் காட்டுப்பறவைக்கும் மட்டும் காசு செலவழித்து நல்ல உணவகத்தில் உட்கார வேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி, எந்த நேரத்தில் போவது, என்ன கேட்பது என்பது.

ஹேகிஸ்: முதலில் இதை முடித்துவிடுங்கள்

ஆட்டின் இதயம், ஈரல், நுரையீரல் மூன்றையும் வேகவைத்துக் கொத்தி, ஓட்ஸ், வெங்காயம், கொழுப்பு, நிறைய மிளகு சேர்த்து, ஆட்டு இரைப்பைக்குள் அடைத்து வேகவைப்பது ஹேகிஸ். இப்போது பெரும்பாலும் இரைப்பைக்குப் பதில் செயற்கை உறைதான். தட்டில் உறையோடு வராது. உள்ளே இருப்பதை மட்டும் எடுத்து வைப்பார்கள். பக்கத்தில் 'நீப்ஸ்', அதாவது மஞ்சள் சதையுள்ள பெரிய டர்னிப்பை வேகவைத்து வெண்ணெய் போட்டு மசித்தது. 'டாட்டீஸ்' என்னும் உருளைக்கிழங்கு மசியல். மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கோபுரமாக அடுக்கித் தரும் இடங்களும் உண்டு, தனித்தனிக் குவியலாக வைக்கும் இடங்களும் உண்டு. ருசியில் அதனால் வித்தியாசம் வராது.

வித்தியாசம் வருவது பதத்தில். நல்ல ஹேகிஸ் உதிரியாக வெந்த உப்புமா போல இருக்கும்: கரண்டியால் தொட்டால் உதிரும், ஆனால் காய்ந்திருக்காது. ஓட்ஸ் துணுக்குகள் தனித்தனியாகப் பல்லில் தட்டுப்படும். முதல் வாய்க்குப் பிறகு தொண்டையில் மிளகுக் காரம் நிற்கும். களிபோல ஒட்டினால் ஓட்ஸை மாவாக அரைத்துப் போட்ட மலிவான சரக்கு. ஓரமெல்லாம் கருத்துக் கெட்டியாக இருந்தால் மைக்ரோவேவில் அதிக நேரம் சுட்டிருக்கிறார்கள். நீப்ஸைச் சுற்றித் தட்டில் தண்ணீர் தேங்கினால், வடிகட்டியபின் ஆவி போக விடாமல் மசித்திருக்கிறார்கள். அந்தத் தண்ணீர் ஹேகிஸையும் கெடுக்கும்.

விஸ்கி, கிரீம் சேர்ந்த சாஸ் ஊற்றித் தருவது இப்போது வழக்கமாகிவிட்டது. அது நன்றாகவே இருக்கும், ஆனால் முதல் தடவை சாஸைத் தனிக் கிண்ணத்தில் கேளுங்கள். நிறைய சாஸ் ஊற்றினால் ஹேகிஸின் ருசியே தெரியாது. சுமாரான ஹேகிஸை மறைக்கவும் அதே சாஸ்தான் உதவுகிறது.

எடின்பரோவில் ராயல் மைல் தெரு முழுக்க ஹேகிஸ் பலகைதான். படம் போட்ட பிளாஸ்டிக் மெனு, அதில் பீட்சா, பர்கர், பாஸ்தா, ஹேகிஸ் எல்லாம் சேர்ந்து ஐம்பது அறுபது அயிட்டம், வாசலில் நின்று கூப்பிடும் ஆள்: இந்த மூன்றில் இரண்டு இருந்தால் நடையைக் கட்டுங்கள். மெனு சின்னதாக இருக்கிறதா, ஹேகிஸ் எந்தக் கசாப்புக்காரரிடமிருந்து வருகிறது என்று பெயர் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பெயர் போடும் சமையலறை பெரும்பாலும் மற்றதிலும் கவனமாக இருக்கும். ராயல் மைலிலிருந்து இறங்கும் காக்பர்ன் தெருவில் ஆர்கேட் பார் என்ற சின்ன இடம் ஹேகிஸையும் விஸ்கியையுமே தொழிலாக வைத்திருக்கிறது. தி மவுண்ட் பக்கம் இருக்கும் மேக்கர்ஸ் மேஷ் பாரில் உருளை மசியலின் வகையை நீங்களே தேர்ந்தெடுத்து, அதன்மேல் ஹேகிஸோ இறைச்சிக் குழம்போ வாங்கலாம். கூட்டம் அதிகம் என்பதால் பகல் 12 மணிக்கு முன்போ, மதியம் 3 மணி வாக்கிலோ போவது நல்லது.

முழுத் தட்டு ஹேகிஸ் பிடிக்குமோ பிடிக்காதோ என்ற தயக்கம் இருந்தால் ஸ்டார்ட்டர் அளவு கேளுங்கள். 7 முதல் 9 பவுண்டு ஆகும். முழுத் தட்டு 14 முதல் 18 வரை. இன்னொரு வழி 'சிக்கன் பால்மோரல்': கோழி நெஞ்சுக்கறிக்குள் ஹேகிஸை அடைத்து, பேக்கன் சுற்றிச் சுட்டது. ஹேகிஸைக் கொஞ்சமாக அறிமுகம் செய்துகொள்ள ஏற்றது, ஆனால் கோழி காய்ந்துபோகிற ஆபத்து அதிகம். கூட்டமில்லாத பப்பில் இதைச் சொல்லாதீர்கள். முன்கூட்டியே செய்து வைத்துச் சூடுபடுத்தியது வரும்.

பப்புக்குள் எப்படி நடந்துகொள்வது

பப்பில் மேசைக்கு ஆள் வருவார் என்று காத்திருந்தால் காத்திருந்துகொண்டே இருக்க வேண்டியதுதான். காலி மேசையைப் பிடியுங்கள், மேசையில் எழுதியிருக்கும் எண்ணைப் பாருங்கள், கவுண்டருக்குப் போய் எண்ணைச் சொல்லி உணவையும் பானத்தையும் கேளுங்கள், அங்கேயே காசு கொடுங்கள். பானத்தைக் கையோடு எடுத்து வர வேண்டும்; சாப்பாடு மேசைக்கு வரும். கவுண்டரில் வரிசை தெரியாது, ஆனால் யார் முன்னால் வந்தார் என்று பரிமாறுபவருக்குத் தெரியும். காசை ஆட்டிக் கூப்பிடக் கூடாது.

குழாய்த் தண்ணீர் இலவசம். மது உரிமம் பெற்ற எந்த இடமும் கேட்டால் கொடுக்க வேண்டும் என்பது ஸ்காட்லாந்துச் சட்டம். வெறுமனே 'வாட்டர்' என்று கேட்டால் பாட்டில் தண்ணீர் வரலாம். 'டேப் வாட்டர்' என்று சொல்லுங்கள்.

கவுண்டரில் வாங்குவதற்கு டிப்ஸ் எதிர்பார்ப்பதில்லை. மேசையில் பரிமாறும் உணவகத்தில் 10 சதவீதம் வைப்பது வழக்கம். பில்லில் ஏற்கெனவே சர்வீஸ் சார்ஜ் சேர்த்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு வையுங்கள். சேர்த்திருந்தால் இரண்டாம் முறை வைக்க வேண்டியதில்லை.

இளவயதுக்காரர்கள் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. 25 வயதுக்குக் குறைவாகத் தோன்றும் யாரிடமும் வயதுச் சான்று கேட்க வேண்டும் என்பது இங்கே கட்டாய விதி. முப்பது வயதுக்காரரையும் கேட்பார்கள், அதில் கோபப்பட ஒன்றுமில்லை. குழந்தைகளோடு போகிறீர்கள் என்றால் முன்பே போன் செய்து கேளுங்கள். குழந்தைகளை எத்தனை மணி வரை அனுமதிப்பது என்பது ஒவ்வொரு பப்பின் உரிமத்தையும் பொறுத்தது. சில இடங்களில் இரவு 8 மணியோடு சரி, சில இடங்களில் அனுமதியே கிடையாது. எடின்பரோவில் ஸ்டாக்பிரிட்ஜ் பகுதியிலுள்ள ஸ்க்ரான் அண்ட் ஸ்காலி குடும்பத்தோடு போகத் தோதான பப். சமையல்காரர் டாம் கிச்சின் 2013இல் தொடங்கியது.

சாப்பாட்டைவிடச் சூழலுக்காகப் போக வேண்டியவை வேறு. எடின்பரோவின் பிரின்சஸ் தெருக் கிழக்கு முனைக்குப் பின்னால் இருக்கும் கஃபே ராயலில் சுவரெல்லாம் டோல்டன் நிறுவனத்தின் பீங்கான் ஓடுகளில் தீட்டிய கண்டுபிடிப்பாளர்களின் ஓவியங்கள்; ஆயிஸ்டர் என்னும் சிப்பி சாப்பிட்டுக்கொண்டே அண்ணாந்து பார்க்கலாம். ஆர்தர்ஸ் சீட் மலையை ஏறி இறங்கி டடிங்ஸ்டன் கிராமத்துக்கு வந்தால் ஷீப் ஹெய்ட் இன். 1360இலிருந்து இங்கே விடுதி இருப்பதாகச் சொல்லிக்கொள்கிறார்கள். மலை ஏறிய பசிக்குப் பொருத்தமான இடம், ஆனால் ஞாயிறு மதியம் டேபிள் புக் செய்யாமல் போனால் வெளியே நிற்க வேண்டியிருக்கும்.

மீன்: ஸ்காட்லாந்தின் உண்மையான பெருமை

ஹேகிஸுக்குப் பெயர் பெரிது. ஆனால் ஸ்காட்லாந்தில் சாப்பிட மிகச் சிறந்த பொருள் எது என்று கேட்டால் தயங்காமல் மீன் என்றே சொல்ல வேண்டும்.

கல்லன் ஸ்கிங்க் என்ற சூப்பில் தொடங்குங்கள். மோரே கடற்கரையில் இருக்கும் கல்லன் என்ற சிற்றூரின் பெயர். யார் நன்றாகச் செய்கிறார்கள் என்று அந்த ஊரில் உலகப் போட்டியே நடத்துகிறார்கள். சேர்பவை நான்கே: புகையிட்ட ஹேடாக் மீன், உருளைக்கிழங்கு, வெங்காயம், பால். கிண்ணம் வந்ததும் உடனே கரண்டியை விடாமல் நிறத்தைப் பாருங்கள். சூப் பாலின் வெண்மையில், லேசான தந்த நிறம் கலந்து இருக்க வேண்டும். பளிச்சென்று மஞ்சளாக இருந்தால் சாயம் போட்ட மீன். புகையின் ருசி குறைவாகவும் உப்பு தூக்கலாகவும் இருக்கும். அடுத்து, கரண்டியால் கிளறுங்கள். மீன் கட்டைவிரல் அகலத்துக்குச் செதில் செதிலாகப் பிரிய வேண்டும். நூல் நூலாகச் சிதைந்திருந்தால் பாலோடு சேர்த்துக் கொதிக்க விட்டிருக்கிறார்கள். கொதிநிலைக்குக் கீழே, மெல்லிய சூட்டில் வேக வேண்டிய மீன் அது. சூப் கெட்டிப்படுவது உருளைக்கிழங்கில் பாதியை மசிப்பதால். மாவு போட்டுக் கெட்டியாக்கியிருந்தால் ஆறும்போது மேலே ஏடு தடித்துச் சுருங்கும், கரண்டி நட்டமாக நிற்கும். கூட ஓட்கேக்கோ பழுப்பு ரொட்டியோ வரும். 8 முதல் 10 பவுண்டு. மதியச் சாப்பாட்டுக்கு இதுவே போதும்.

கிளாஸ்கோவில் இதற்கு நம்பிப் போகக்கூடிய இடம் மெர்ச்சன்ட் சிட்டியில் ஆல்பியன் தெருவிலிருக்கும் கஃபே கண்டால்ஃபி. 1979இலிருந்து நடக்கிறது. உள்ளே இருக்கும் மர மேசை நாற்காலிகள் டிம் ஸ்டெட் என்ற கலைஞர் செதுக்கியவை. தொட்டுப் பார்க்கவே போகலாம். அங்கே ஸ்டார்னவே பிளாக் புடிங்கும் (ரத்தத்தில் செய்யும் சாசேஜ்) கிடைக்கும்.

ஆர்ப்ரோத் ஸ்மோக்கி வேறு சமாச்சாரம். ஹேடாக் மீனை உப்பிட்டு, இரண்டிரண்டாக வாலில் கயிறு கட்டி, பீப்பாய்க்குள் எரியும் மரக்கட்டை நெருப்பின்மேல் தொங்கவிட்டு, ஈரச் சாக்கால் மூடிவிடுவார்கள். சூட்டிலும் புகையிலும் சேர்ந்தே வெந்துவிடும் என்பதால் அப்படியே பிய்த்துச் சாப்பிடலாம். புவிசார் பாதுகாப்பு 2004இல் கிடைத்தது. ஆர்ப்ரோத் ஊரைச் சுற்றி 8 கிலோமீட்டருக்குள் செய்தால்தான் அந்தப் பெயர் வைக்க முடியும். துறைமுகத்தை ஒட்டிய புகையிடும் கடைகளில் சுடச்சுட வாங்கி, கையாலேயே முள்ளை உரித்து எடுத்துவிட்டுத் தின்னுங்கள். குளிர்ந்த ஸ்மோக்கியை உணவகத்தில் வாங்கினால் இந்த ருசியில் பாதிதான் கிடைக்கும். ஃபின்னன் ஹேடி என்று இன்னொன்று கடையில் தொங்கும். அது குளிர்ந்த புகையில் இட்டது, சமைக்காமல் சாப்பிடக் கூடாது.

மேற்குக் கடற்கரைக்குப் போனால் மெனுவில் 'ப்ரான்ஸ்' என்று இருப்பது பெரும்பாலும் சின்ன இறால் அல்ல, லாங்குஸ்டீன். நண்டுபோல் நீண்ட கொடுக்குகளுள்ள பெரிய வகை. இங்கே பிடிபடுவதில் பெரும்பகுதி ஸ்பெயினுக்கும் பிரான்சுக்கும் போய்விடுகிறது, ஆகவே படகு வந்து சேரும் ஊரிலேயே சாப்பிடுவதுதான் புத்திசாலித்தனம். ஓட்டோடு வந்தால் தலையைத் திருகி எடுங்கள். வாலை விரல்களுக்கிடையே வைத்து, இரண்டு பக்க ஓரங்களும் சேருமாறு அழுத்தினால் வயிற்றுப்புற ஓடு 'டக்' என்று முறியும். பிறகு இரண்டு பக்கமும் விரித்தால் சதை முழுசாக வெளிவரும். வால் இறுக்கமாகச் சுருண்டு, கடித்தால் எதிர்த்து நிற்க வேண்டும். சதை மாவுபோல் குழைந்தால் சமைப்பதற்கு முன்பே செத்துப்போன உயிரி. திருப்பி அனுப்பத் தயங்காதீர்கள்.

ஓபன் ஊரில் படகுத்துறையை ஒட்டிப் பச்சை வண்ணம் பூசிய சின்னக் கொட்டகைக் கடை ஒன்று உண்டு. நாற்காலி மேசை வசதி குறைவு, மழை வந்தால் நனைய வேண்டியதுதான், ஆனால் தட்டில் விழும் நண்டுக்கும் மஸல்ஸுக்கும் அந்தச் சிரமம் தகும். தீவுகளுக்குப் படகு ஏறுகிறவர்கள் ஒரு மணி நேரம் முன்னதாக வந்துவிட்டால் நிதானமாகச் சாப்பிடலாம். ஆயிஸ்டர் வேண்டுமானால் ஏ83 சாலையில் கெய்ர்ன்டோவில் லாக் ஃபைன் ஆயிஸ்டர்ஸ். உல்லாபூலில் சீஃபுட் ஷாக். வெளியில் உட்கார்ந்து சாப்பிடும் இடம் என்பதால் குளிர்காலத்தில் எதிர்பார்க்காதீர்கள்.

சிப் ஷாப், பேக்கரி, காலைச் சாப்பாடு

பொரித்த மீனுக்கு ஸ்காட்லாந்தில் ஹேடாக்தான் வழக்கம். 'ஃபிஷ் சப்பர்' என்றால் மீனும் உருளை வறுவலும். வறுவல் வேண்டாம் என்றால் 'சிங்கிள் ஃபிஷ்'. எடின்பரோப் பக்கம் 'சால்ட் அண்ட் சாஸ்?' என்று கேட்பார்கள். புளிப்பான, நீர்த்த பழுப்பு சாஸ் தெளிப்பது அங்கத்திய பழக்கம். கிளாஸ்கோவில் உப்பும் வினிகரும். கேட்டதும் ஒரு நிமிடத்தில் கையில் கொடுத்தால் ஏற்கெனவே பொரித்துக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தது, மாவு உறை நமுத்திருக்கும். எட்டுப் பத்து நிமிடம் காக்கச் சொல்லும் கடையில் நில்லுங்கள். ஃபைஃப் கடற்கரையில் ஆன்ஸ்ட்ருதர் ஃபிஷ் பார், ஸ்டோன்ஹேவனில் தி பே இரண்டும் பேர்பெற்றவை. இரண்டு இடங்களிலும் கடல் எதிரிலேயே. பொட்டலத்தைப் பிரிக்கும்போது கடற்காக்கைகள்மேல் ஒரு கண் இருக்கட்டும், கையிலிருந்தே பறித்துவிடும்.

ஸ்காட்ச் பை பற்றித் தெரியாமல் போகிறவர்கள் நிறைய. உள்ளங்கை அளவு, வட்டமான, கெட்டி மாவுப் பாத்திரத்துக்குள் மிளகு தூக்கலான மட்டன் கொத்துக்கறி. மேல்மூடி விளிம்பைவிடச் சற்றுத் தாழ்ந்து இருக்கும். அந்தப் பள்ளத்தில் கிரேவியோ மசியலோ போட்டுக்கொள்வதற்காக. 2, 3 பவுண்டுதான். காலை 10 மணியிலிருந்து மதியம் வரை பேக்கரியில் சூடாக இருக்கும்போது வாங்குங்கள். மைக்ரோவேவில் சுடவைத்தால் அடிமாவு ஈரமாகித் தொய்ந்துவிடும், கறிச்சாறு சட்டையில் வழியும். ஆண்டுதோறும் ஸ்காட்ச் பைக்குப் போட்டி நடக்கிறது. பரிசு வாங்கிய பேக்கரிகள் ஜன்னலில் அதை ஒட்டி வைத்திருக்கும், பார்த்துப் போகலாம்.

ஆங்கஸ் மாவட்டத்தில் ஃபார்ஃபர் பிரைடி: குதிரை லாட வடிவத்தில் மடித்த மாவுக்குள் மாட்டிறைச்சி. மேலே ஒரு துளை இருந்தால் வெறும் கறி, இரண்டு துளை இருந்தால் வெங்காயம் சேர்த்தது. அபர்டீனில் ரோவி அல்லது பட்டரி என்ற தட்டையான, உப்புக் கரிக்கும் அடுக்கு ரொட்டி. சுடவைத்து வெண்ணெயோ ஜாமோ தடவிச் சாப்பிடுவார்கள்.

பி அண்ட் பியில் (காலைச் சாப்பாட்டோடு அறை தரும் வீட்டு விடுதி) தங்கினால் காலையில் முழு ஸ்காட்டிஷ் காலைச் சாப்பாடு கிடைக்கும். சதுரமாக வெட்டிய லார்ன் சாசேஜ், பிளாக் புடிங், பேக்கன், முட்டை, பீன்ஸ், உருளையும் மாவும் சேர்த்துத் தட்டிச் சுட்ட டாட்டி ஸ்கோன். பல இடங்களில் என்ன வேண்டும் என்று முந்தின இரவே எழுதிக் கொடுக்கச் சொல்வார்கள். அத்தனையும் வேண்டாம் என்றால் கிப்பர் கேளுங்கள், புகையிட்ட ஹெர்ரிங் மீன். கிளாஸ்கோவில் அவசரமாகப் போகிறவர்கள் ரொட்டிக்குள் சதுர சாசேஜ் வைத்து வாங்கிக்கொண்டு நடப்பார்கள். சேர்ந்தாற்போல ஒரு டாட்டி ஸ்கோனையும் உள்ளே வைக்கச் சொல்லுங்கள்.

காசு செலவழிக்கும் ஓர் இரவு

கிளாஸ்கோவின் ஆஷ்டன் லேனில் யுபிகிட்டஸ் சிப். 1971இல் ரானி கிளைட்ஸ்டேல் தொடங்கியது. பிரெஞ்சுச் சமையல்தான் உயர்வு என்று இருந்த காலத்தில் ஸ்காட்லாந்துப் பொருள்களை ஊர்ப் பெயரோடு மெனுவில் போட்டுப் பரிமாறிய இடம். மான் இறைச்சியில் செய்யும் ஹேகிஸ் அவர்களின் அடையாளம். கீழ்த்தள உணவகம் விலை கூடுதல். மாடியிலிருக்கும் பிராஸரியில் குறைந்த செலவில் சாப்பிடலாம்.

எடின்பரோவில் லீத் துறைமுகப் பகுதிக்கு டிராமில் போங்கள், தி ஷோர் நிறுத்தத்தில் இறங்குங்கள். டாம் கிச்சினின் தி கிச்சின் 2006இல் திறந்து அடுத்த ஆண்டே மிஷெலின் நட்சத்திரம் பெற்றது. மதிய செட் மெனு இரவைவிடக் கணிசமாக மலிவு. இந்த வகை உணவகங்கள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். ஸ்கை தீவில் கோல்போஸ்டில் இருக்கும் த்ரீ சிம்னீஸுக்கு (1985இலிருந்து) சில மாதங்களுக்கு முன்பே புக் செய்யுங்கள், ஏனென்றால் அங்கே போய்ச் சேர்ந்தபின் பக்கத்தில் மாற்று இடம் தேட முடியாது.

மான் இறைச்சி பற்றி ஓர் எச்சரிக்கை. கொழுப்பு மிகக் குறைந்த இறைச்சி, ஆகவே உள்ளே சிவப்பாக இருக்கும்போதே பரிமாறுவார்கள். நன்றாக வேகவைத்துத் தரச் சொன்னால் செருப்புத்தோல் ஆகிவிடும். இளஞ்சிவப்பு இறைச்சி ஒத்துவராது என்றால் ஸ்டேக்கைத் தவிர்த்து, மான் கேஸரோலோ ஸ்டூவோ கேளுங்கள்; மெதுவாகப் பல மணி நேரம் வெந்தது, பூவாகப் பிரியும். கிரௌஸ் பறவையின் வேட்டைக்காலம் ஆகஸ்ட் 12 முதல் டிசம்பர் 10 வரை. ருசி கடுமையானது, ஈரல் வாசனை அடிக்கும். சதைக்குள் ஈயக் குண்டு இருக்கக்கூடும், மெதுவாக மெல்லுங்கள்.

இனிப்புக்கு, ஜூலை ஆகஸ்டில் வந்திருந்தால் கிரானக்கன். ராஸ்பெர்ரி, கிரீம், தேன், விஸ்கி, வறுத்த ஓட்ஸ். மற்ற மாதங்களில் உறையவைத்த பழம்தான் வரும், கிரீம் நீர்த்துவிடும். அப்போது துணியில் கட்டி வேகவைத்த கிளூட்டி டம்ப்ளிங் மேல்.

ஹைலேண்ட்ஸ் மலைப்பகுதியில்: தூரமும் நேரமும்

லாக் லோமண்ட் ஏரியின் வடமுனையில் இன்வராரனனில் ட்ரோவர்ஸ் இன், 1705இலிருந்து இருக்கிறது. வாசலில் பாடம் செய்த கரடி நிற்கும். க்ளென்கோவில் கிளாக்கெய்க் இன். மலையேறிகள் சேற்றுக் காலணியோடே நுழையும் பூட்ஸ் பார் அதில்தான். ஹேகிஸ், மான் கேஸரோல் இரண்டும் நடந்து களைத்த பசிக்குத் தகுந்த அளவில் வரும். 1692 க்ளென்கோ படுகொலையின் நினைவாக, அதில் பழி சுமத்தப்படும் கேம்பல் குலத்தாரைக் குறித்து 'கேம்பல்களுக்கு இடமில்லை' என்ற பலகை இன்னும் வரவேற்பறையில் இருக்கிறது.

ஆப்பிள்கிராஸ் இன்னுக்கு பெலாக் நா பா கணவாய் வழியாகப் போக வேண்டும். 626 மீட்டர் உயரம், ஒரே ஒரு வண்டி போகும் அகலம், கொண்டை ஊசி வளைவுகள். எதிர்வண்டிக்கு ஒதுங்கும் இடங்களில் நின்று நின்றுதான் போகலாம் என்பதால் வரைபடம் காட்டும் நேரத்தோடு அரை மணி சேர்த்துக்கொள்ளுங்கள். பனி விழுந்தால் கணவாய் மூடிவிடும். ஷீல்டேக் வழியாகக் கடலோரச் சாலை சுற்று, ஆனால் பத்திரம். நொய்டார்ட் தீபகற்பத்தின் இன்வெரியில் இருக்கும் ஓல்ட் ஃபோர்ஜ் பப்புக்குச் சாலையே கிடையாது. மலைக்குள் இரண்டு நாள் நடந்து வர வேண்டும், இல்லையென்றால் மல்லேக்கிலிருந்து படகு. 2022இல் ஊர்க்காரர்களே சேர்ந்து வாங்கிவிட்டார்கள். கடைசிப் படகின் நேரத்தை முதலில் பார்த்துவிட்டு, அதன்பிறகு சாப்பாட்டு நேரத்தை முடிவு செய்யுங்கள்.

வண்டி ஓட்டுகிறவர் குடிக்காமல் இருப்பது ஒன்றே வழி. ஸ்காட்லாந்தின் வரம்பு 100 மில்லிலிட்டர் ரத்தத்துக்கு 50 மில்லிகிராம். இங்கிலாந்தின் 80ஐவிடக் கடுமை. இரவு நிறையக் குடித்தவர் மறுநாள் காலையில் ஓட்டினாலும் மாட்டிக்கொள்ளலாம்.

விஸ்கி கேட்பது எப்படி

ஒரு அளவு 25 அல்லது 35 மில்லிலிட்டர். எது என்று பாரில் எழுதியிருக்கும், விலையை ஒப்பிடும்போது அதையும் பாருங்கள். பெயர் தெரியாவிட்டால் இரண்டே விஷயம் சொல்லுங்கள்: எத்தனை பவுண்டுக்குள், புகைவாடை வேண்டுமா வேண்டாமா. 'ஆறு பவுண்டுக்குள், புகை இல்லாமல்' என்றால் அலமாரியிலிருந்து சரியானதை எடுத்துத் தருவார்கள். முதலில் ஒரு சொட்டு அப்படியே, பிறகு சில துளித் தண்ணீர். பீரும் விஸ்கியும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மாற்றி மாற்றிக் குடிக்கும் 'ஹாஃப் அண்ட் ஹாஃப்' பழைய பப்புகளில் கேட்கலாம். கிளாஸ்கோவில் ஹோப் தெருவின் பாட் ஸ்டில், எடின்பரோவில் வெஸ்ட் போவின் போ பார் இரண்டும் இதற்கென்றே இருப்பவை. பெரிய சமையல் கிடையாது. பை கிடைக்கும், அது போதும்.

சைவம், மாட்டிறைச்சி தவிர்ப்பவர்கள்

சைவ ஹேகிஸை மாக்ஸ்வீன் நிறுவனம் 1984இல் கொண்டுவந்தது. பயறு, பீன்ஸ், விதைகள், ஓட்ஸ், அதே மிளகு. இன்று ஏறக்குறைய எல்லாப் பப்பிலும் உண்டு, ருசியும் குறைவில்லை. கூட வரும் கிரேவி இறைச்சிச் சாற்றில் செய்ததா என்று மட்டும் கேளுங்கள்.

அறியாமல் மாட்டிக்கொள்வது வேறு இடங்களில். பருப்பு சூப் என்று எழுதியிருந்தாலும் பன்றி எலும்புச் சாற்றில் வேகவைப்பது இங்கே வீட்டு வழக்கம். ஸ்காட்ச் பிராத் என்னும் சூப்பில் மட்டன் எலும்பு. கிளூட்டி டம்ப்ளிங்கில் மாட்டுக் கொழுப்பு. ரோவியில் பன்றிக் கொழுப்பு. சில சிப் ஷாப்புகளில் உருளை வறுவலையே மாட்டுக் கொழுப்பில் பொரிக்கிறார்கள். அசைவ ஹேகிஸ் ஆட்டிறைச்சிதானே என்று நினைக்க வேண்டாம். பல தயாரிப்புகளில் மாட்டுக் கொழுப்பு சேர்கிறது. பிளாக் புடிங் ரத்தத்தில் செய்வது. 14 வகை ஒவ்வாமைப் பொருள்களின் விவரம் எல்லா உணவகத்திலும் இருக்க வேண்டும் என்பது சட்டம், ஆனால் அந்தப் பட்டியலில் மாட்டுக் கொழுப்போ பன்றியோ வராது. அதை வாய்விட்டுத்தான் கேட்க வேண்டும். பேக்கரியில் மக்ரோனி பை, பப்பில் மக்ரோனி சீஸ் கைகொடுக்கும்.

கிழமை, மாதம்

நகரத்துக்கு வெளியே சமையலறை மதியம் 12 முதல் 2.30, மாலை 5.30 முதல் 8.30 வரைதான் இயங்கும். பப் திறந்திருக்கும், சாப்பாடு இருக்காது. இரவு 8 மணிக்குமேல் போய்ச் சேர்வீர்கள் என்றால் போன் செய்து சொல்லிவிடுங்கள், பல இடங்களில் ஒரு சூப்பாவது எடுத்து வைப்பார்கள். நவம்பர் முதல் ஈஸ்டர் வரை ஹைலேண்ட்ஸிலும் தீவுகளிலும் பல இடங்கள் மூடிவிடும், திறந்திருப்பவையும் திங்கள், செவ்வாய் விடுமுறை. லூயிஸ் தீவில் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலானவை மூடியிருக்கும். சனிக்கிழமையே ரொட்டியும் பழமும் வாங்கி வையுங்கள். ஆகஸ்டில் எடின்பரோ விழாக் கூட்டம், ஆகவே இரவுச் சாப்பாட்டுக்கு மூன்று நான்கு வாரம் முன்பே புக் செய்யுங்கள். ஜனவரி 1, 2 இரண்டு நாளும் இங்கே பொது விடுமுறை.

ஹேகிஸுக்காகவே வருகிறவர்களுக்கு ஏற்ற வாரம் ஜனவரி 25ஐ ஒட்டியது, கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் பிறந்த நாள். பேக்பைப் முழங்க ஹேகிஸைத் தட்டில் ஏந்தி வருவார்கள், அதைப் பார்த்துக் கவிதை சொல்லியபடியே கத்தியால் கீறித் திறப்பார்கள், விஸ்கியைத் தூக்கி வாழ்த்துவார்கள். அன்று விற்றுப்போகும் வேகத்தில் ஹேகிஸ் அப்போதுதான் வெந்து வருகிறது. டிசம்பர் தொடக்கத்திலேயே டிக்கெட் வாங்குங்கள். சைவமா அசைவமா என்று வாங்கும்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள், அன்றைக்குப் போய்க் கேட்டால் மாற்ற முடியாது.